கிரகம் பார்த்துப் பங்கு வாங்கும் முன்: புதியவர்கள் செய்ய வேண்டிய சோதனைகள்

என் சித்தப்பா பையன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். போன வருடம்தான் முதல் முறையாக, பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்க உதவும் டீமேட் கணக்கு திறந்தான். முப்பதாயிரம் ரூபாயைக் கணக்கில் ஏற்றிய அன்று இரவே என்னைக் கூப்பிட்டான். "அண்ணா, ஒரு வீடியோ அனுப்பியிருக்கேன், பாருங்க. குரு பெயர்ச்சி முடிஞ்சதும் வங்கிப் பங்கு ஏறும்னு சொல்றார். முழுசையும் அதுலயே போட்டுடலாமா?"

வீடியோவைப் பார்த்தேன். பேசியவர் நிதானமாக, நம்பும்படியாகவே பேசினார். குரு தனகாரகன், ஆகவே வங்கி. சனிக்கு இரும்பு, ஆகவே ஸ்டீல். செவ்வாய் பூமிகாரகன், ஆகவே ரியல் எஸ்டேட். சுக்கிரனுக்கு நகையும் காரும், புதனுக்குக் கணக்கும் தகவல் தொடர்பும், ஆகவே ஐடி கம்பெனிகள். சின்ன வயதிலிருந்து ராசிபலன் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த வரிசை பழகிய பாட்டு மாதிரி இருக்கும். பேலன்ஸ் ஷீட், பி.இ. விகிதம் என்று யாராவது விளக்க ஆரம்பித்தால் தலை சுற்றும். இதுவோ உடனே புரிந்துவிடுகிறது. புதிதாக வருபவர்கள் இதில் சிக்குவதற்குக் காரணம் அறிவுக் குறைவு இல்லை, இந்தப் பழக்கம்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அவனிடம் ஒரு நோட்டு வாங்கச் சொன்னேன். அதில் என்ன எழுத வேண்டும், எதைக் கேட்க வேண்டும், எதை எண்ண வேண்டும் என்று அடுத்த சில வாரங்கள் போனில் சொன்னதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். எங்கள் வீட்டில் பொருத்தம் பார்த்துத்தான் கல்யாணம் நடக்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படி இருக்கலாம். அதில் நான் தலையிடவில்லை. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் ஒருவருடைய வாய்ச்சொல்லை நம்பிப் போகக் கூடாது, அவ்வளவுதான் என் கவலை.

தேவையான பொருட்கள் அதிகம் இல்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று, பேனா, வீட்டில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டர். ஐம்பது பெரிய கம்பெனிகளின் பங்கு விலையைச் சேர்த்துக் காட்டும் குறியீடான நிஃப்டியின் பழைய விலைகள் தேசியப் பங்குச் சந்தையின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

1. கணிப்பைத் தேதி போட்டு எழுதுங்கள்

முதல் வேலையும் முக்கியமான வேலையும் இதுதான். கேட்ட அன்றே எழுத வேண்டும். யார் சொன்னார், என்றைக்குச் சொன்னார், எந்தப் பங்கு அல்லது எந்தக் குறியீடு, ஏறுமா இறங்குமா, எவ்வளவு, எந்தத் தேதிக்குள். இந்த ஆறும் இருந்தால்தான் அது கணிப்பு. ஒன்று விடுபட்டாலும் பின்னால் சரி பார்க்க முடியாது.

தம்பி நோட்டில் எழுதிய முதல் வரி இது: "புதன் வக்ரம் அடைவதால் ஐடி பங்குகளில் ஏற்ற இறக்கம் இருக்கும், கவனமாகச் செயல்படவும்." படிக்கும்போது ஏதோ சொல்லியிருப்பது போலத்தான் தோன்றும். ஆறு கட்டத்தையும் நிரப்ப முயன்றால் நான்கு காலியாகிவிடும். எந்தப் பங்கு என்று இல்லை. எந்தப் பக்கம் என்று இல்லை. அளவு இல்லை, கடைசித் தேதி இல்லை. ஏற்ற இறக்கம் எந்த நாளில்தான் இல்லை? சந்தை திறந்திருக்கும் ஒவ்வொரு நாளும் விலை ஏறி இறங்கத்தான் செய்யும். புதனும் வருடத்துக்கு மூன்று அல்லது நான்கு முறை, ஒவ்வொரு முறையும் மூன்று வாரம் போல வக்ரத்தில், அதாவது பின்னோக்கி நகர்வது போல, இருக்கும். கூட்டிப் பார்த்தால் வருடத்தில் ஐந்தில் ஒரு பங்கு நாட்கள். அவ்வளவு நாட்களில் ஐடி பங்குகளுக்கு ஏதாவது ஒன்று நடக்காமல் இருக்காது.

அதே வரியைச் சோதிக்கும்படி மாற்றினால் இப்படி வரும்: "இந்த மாதம் 15-ஆம் தேதி முடிவு விலையோடு ஒப்பிட்டால், அடுத்த மாதம் 5-ஆம் தேதி நிஃப்டி ஐடி குறியீடு 2 சதவீதமாவது கீழே இருக்கும்." இப்படி மாற்றி, கணித்தவரிடமே மரியாதையாகக் கேளுங்கள்: "ஐயா, நீங்கள் சொன்னதை இப்படி எழுதிக்கொள்ளலாமா?" சரி என்றால் அவருடைய பெயரில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். "அப்படித் துல்லியமாகச் சொல்ல முடியாது" என்றால் அவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார், நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். துல்லியமாகச் சொல்ல முடியாத ஒன்றை வைத்து முப்பதாயிரத்தைப் போட முடியாது.

எழுதும்போதே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைப்பதும் அவசியம். இதன் அருமை கடைசியில் தெரியும்.

2. எந்தப் பஞ்சாங்கம் என்று கேளுங்கள்

நம் ஊரில் வாக்கியப் பஞ்சாங்கமும் இருக்கிறது, திருக்கணிதமும் இருக்கிறது. திதி நட்சத்திரத்தில் சில நாழிகை வித்தியாசம் வரும் என்பது பலருக்கும் தெரியும். சனி விஷயத்தில் அது நாழிகைக் கணக்கில் நிற்பதில்லை. சனி மகரத்திலிருந்து கும்பத்துக்குப் போனது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப்படி அதே பெயர்ச்சி 2023 டிசம்பர் 20, திருநள்ளாறில் விழா நடந்ததும் அன்றுதான். ஒரே கிரகம், ஒரே ராசி, நடுவில் பதினோரு மாதம்.

இந்தப் பதினோரு மாதத்தில் நிஃப்டி சுமார் 18,000-லிருந்து 21,000-க்கு மேல் போனது. "சனி கும்பத்துக்கு வந்ததால் ஏறியது" என்று ஒருவர் சொல்லலாம். "சனி இன்னும் மகரத்தில் ஆட்சியாக இருந்ததால் ஏறியது" என்று இன்னொருவர் சொல்லலாம். இருவருக்கும் கையில் பஞ்சாங்கம் இருக்கிறது. டிசம்பர் 20 அன்று நிஃப்டி ஏறக்குறைய 300 புள்ளி இறங்கியதும் உண்மைதான். பெயர்ச்சி நாளன்றே இறக்கம் என்று யாராவது காட்டினால் ஆச்சரியமாக இருக்கும். ஆனால் பெயர்ச்சி மாலையில், சந்தை 3.30-க்கு மூடிய பிறகு நடந்தது. அடுத்த நாளே சந்தை ஏறத் தொடங்கி, அந்த வருடத்தை 21,700-க்கு மேல் முடித்தது.

ஜாதகம் என்று வந்தால் பிறந்த நேரமும் வேண்டும். நிஃப்டி என்றைக்குப் பிறந்தது? அடிப்படை நாளாக எடுத்துக்கொண்டது 1995 நவம்பர் 3, அன்றைய மதிப்பு 1000. குறியீடாக வெளியிட்டது 1996 ஏப்ரல் 22. மும்பைச் சந்தையின் குறியீடான சென்செக்ஸுக்கும் இதே சிக்கல்: 1986-இல் வெளியானது, அடிப்படை ஆண்டு 1978-79. கம்பெனி என்றால் பதிவான நாளா, பங்கு பட்டியலான நாளா, மணி அடித்து முதல் வர்த்தகம் நடந்த நிமிடமா? எந்த நாளைப் போட்டுக் கட்டம் வரைந்தார் என்று கேளுங்கள். ஏன் அந்த நாள் என்றும் கேளுங்கள். நடந்து முடிந்ததோடு எந்த நாள் பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்வதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அதை நோட்டில் குறித்துவிட்டால், அடுத்த முறை வேறு பிறந்த நாளைக் கொண்டு வரும்போது உடனே தெரிந்துவிடும்.

3. எதிரில் இருப்பவருக்கும் அதே நேரம்தான்

பங்குச் சந்தையில் நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பங்கையும் அதே நொடியில் யாரோ விற்கிறார்கள். கெட்ட நேரத்தில் வாங்கியதால் உங்களுக்கு நஷ்டம் என்றால், அதே கெட்ட நேரத்தில் விற்றவர் தப்பித்துக்கொண்டார் என்றுதானே ஆகிறது? புதியவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு நேரம் எல்லோருக்கும் ஒரே மாதிரி கெட்டது என்றால், அந்த நேரத்தில் நடக்கும் ஒரு வர்த்தகத்தில் ஒருவருக்கு லாபமும் இன்னொருவருக்கு நஷ்டமும் எப்படி வரும்? உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள்.

நேரமும் எல்லோருக்கும் ஒன்று இல்லை. அமாவாசையில் புது வேலை தொடங்குவது தமிழ்நாட்டில் நல்லது. "நிறைஞ்ச அமாவாசை" என்று கடை திறப்பார்கள், வண்டி எடுப்பார்கள். வடக்கே அதே அமாவாசையில் பொதுவாக நல்ல காரியம் தொடங்க மாட்டார்கள். நாம் ஆடி மாதத்தைத் தவிர்ப்போம். மகாளய பட்சம் வந்தால் அவர்கள் தங்கம்கூட வாங்கத் தயங்குவார்கள். கோயம்புத்தூரில் வாங்குபவரும் அகமதாபாத்தில் விற்பவரும் ஒரே திரையில் சந்திக்கிறார்கள். இருவருடைய வழக்கத்தில் எதன்படி விலை நகர வேண்டும்? நடுவில் வெளிநாட்டு நிதி நிறுவனங்களின் கம்ப்யூட்டர் போடும் ஆர்டர்களும் இருக்கின்றன. அவற்றுக்கு ஆடியும் தெரியாது, அமாவாசையும் தெரியாது.

4. ராகு காலத்தை நீங்களே சோதியுங்கள்

இது எளிமையான சோதனை, ஒரு மாதத்தில் முடித்துவிடலாம். ராகு கால வரிசைக்கு நம் வீடுகளில் ஒரு வாக்கியம் சொல்வார்கள்: "திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா." முதல் எழுத்துகளை எடுத்தால் திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு. காலை 7.30-இல் ஆரம்பித்து ஒன்றரை மணி நேரமாக நகரும்.

இதைச் சந்தை நேரத்தோடு பொருத்தி, அந்த நேரத்தில் விலை எப்படி நகர்ந்தது என்று ஒரு மாதம் நோட்டில் குறியுங்கள். சந்தை 9.15-க்குத் திறந்து 3.30-க்கு மூடும். திங்களன்று ராகு காலம் 9 மணிக்கே முடிந்துவிடுகிறது, வர்த்தக நேரத்தில் ஒரு நிமிடம்கூட இல்லை. செவ்வாயன்று 3 மணிக்குத்தான் தொடங்குகிறது, அதில் அரை மணி நேரம் மட்டுமே சந்தைக்குள் வரும். புதன் 12 முதல் 1.30, வியாழன் 1.30 முதல் 3, வெள்ளி 10.30 முதல் 12 வரை முழுதாக உள்ளே வருகின்றன. அப்படியானால் திங்கள்தான் ஆபத்து இல்லாத நாளாக இருக்க வேண்டும்.

2020 மார்ச் 23-ஆம் தேதி நிஃப்டி ஒரே நாளில் ஏறக்குறைய 13 சதவீதம் விழுந்தது. சந்தை திறந்த சிறிது நேரத்தில் வர்த்தகத்தையே நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. அன்று திங்கட்கிழமை. 2004 மே 17-ஆம் தேதி, தேர்தல் முடிவுக்குப் பிறகு வந்த பெரிய வீழ்ச்சியும் திங்கட்கிழமைதான். இதைப் பார்த்துவிட்டுத் திங்கள் கெட்ட நாள் என்று முடிவுகட்டவும் வேண்டாம். சனி ஞாயிறில் வரும் செய்திகள் எல்லாம் சேர்ந்து திங்கள் காலையில் ஒரேயடியாக விலையில் இறங்குகின்றன. 2020-இல் கொரோனா ஊரடங்கு, 2004-இல் ஆட்சி மாற்றம்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். காலண்டரில் போட்டிருப்பது சூரிய உதயம் 6 மணி என்று வைத்துக்கொண்ட கணக்கு. முறைப்படி, உதயம் முதல் அஸ்தமனம் வரையான பொழுதை எட்டாகப் பிரிக்க வேண்டும். சென்னையில் சூரியன் உதிப்பதற்கும் மும்பையில் உதிப்பதற்கும் ஏறத்தாழ அரை மணி நேரம் வித்தியாசம். நீங்கள் இருக்கும் ஊரின் ராகு காலமா, சந்தை இருக்கும் மும்பையின் ராகு காலமா? இதற்கு ஒரே பதில் சொல்லும் இருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

5. வேறு காரணம் இருக்கிறதா என்று தேடுங்கள்

சில சமயம் ராகு காலக் கணிப்பு உண்மையாகவே பலிப்பது போலத் தெரியும். இதை ஒரு உதாரணத்தோடு விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கவனமான ஆட்கள்கூட ஏமாறும் இடம் இதுதான்.

ஆப்ஷன் என்பது குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம், எக்ஸ்பைரி அது காலாவதியாகும் நாள். 2019 முதல் 2025 ஆகஸ்ட் வரை நிஃப்டி வார ஆப்ஷன்களுக்கு எக்ஸ்பைரி வியாழக்கிழமை. வியாழன் மதியத்துக்கு மேல் விலை தாறுமாறாக ஆடும் என்பது அந்தக் காலத்தில் ஆப்ஷன் செய்த எல்லோருக்கும் தெரியும். வியாழன் ராகு காலம் 1.30 முதல் 3 வரை. யாராவது ஒருவர் பல மாத வரைபடங்களை அடுக்கி, "பாருங்கள், வியாழன் ராகு காலத்தில் எவ்வளவு ஆட்டம்!" என்று காட்டினால் அவர் பொய் சொல்லவில்லை. ஆட்டம் நிஜம். ஆனால் ஆட்டுவது எக்ஸ்பைரி. அன்று மாலைக்குள் ஒப்பந்தங்கள் காலாவதியாகின்றன, ஆகவே எல்லோரும் அவசர அவசரமாகக் கணக்கை முடிக்கிறார்கள்.

2025 செப்டம்பர் 1 முதல் நிஃப்டி எக்ஸ்பைரியைச் செவ்வாய்க்கு மாற்றினார்கள். கணக்குத் தீர்க்கும் விலை, கடைசி அரை மணி நேரத்து விலைகளின் சராசரியை வைத்து முடிவாகிறது. அதாவது 3 முதல் 3.30 வரை. செவ்வாய் ராகு காலம் தொடங்குவதும் 3 மணிக்குத்தான்! இனி செவ்வாய்க்கும் ஒரு வீடியோ வரும். அது வந்தால் உங்கள் நோட்டில் இரண்டு கேள்வி எழுதுங்கள்: எக்ஸ்பைரி வியாழனில் இருந்த காலத்தில் செவ்வாய் 3 மணி எப்படி இருந்தது? எக்ஸ்பைரி மாறிய பிறகு வியாழன் மதியம் எப்படி இருக்கிறது? ஆட்டம் எக்ஸ்பைரியோடு சேர்ந்து நகர்ந்ததா, ராகுவோடு வியாழனிலேயே தங்கியதா? நிமிட வாரியான பழைய வரைபடங்களை வைத்து நீங்களே சரி பார்க்கலாம்.

2024 ஜூன் 4-உம் இப்படித்தான். நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்தது. கிரகச் சேர்க்கை என்று பேசினார்கள். கருத்துக் கணிப்புகளை நம்பி முந்தைய நாள் ஓடிய ஓட்டமும், வாக்கு எண்ணிக்கையில் ஆளும் கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை கிடைக்காது என்று தெரிய வந்ததும்தான் காரணம். மறுநாள் செய்தித்தாளில் முதல் பக்கத்திலேயே இருந்தது.

6. தவறியதையும் எண்ணுங்கள்

பலித்த கணிப்பைத்தான் மறுபடி மறுபடி காட்டுவார்கள். தவறியதை நீங்கள்தான் எண்ண வேண்டும். நோட்டு அதற்குத்தான்.

2024 ஏப்ரல் 8-ஆம் தேதி முழு சூரிய கிரகணம். இந்தியாவில் தெரியவில்லை என்றாலும் அதை வைத்து எச்சரிக்கைகள் நிறையவே வந்தன. அன்று நிஃப்டி 22,666-இல், அதுவரை இல்லாத உயரத்தில் முடிந்தது. அடுத்த நாள் சென்செக்ஸ் முதல் முறையாக 75,000-ஐத் தொட்டது. இதை வைத்துக் கிரகணம் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. 2019 டிசம்பர் 26, நம் ஊரிலேயே ஊட்டி, திண்டுக்கல் பக்கம் வளையமாகத் தெரிந்த கிரகணத்தன்று சந்தை இறங்கியது. ஒன்றில் ஏற்றம், ஒன்றில் இறக்கம். உங்கள் நோட்டில் இரண்டும் இருக்க வேண்டும்.

அடுத்து, ஒன்றுமே தெரியாதவர் சொன்னால் எவ்வளவு பலிக்கும் என்று பாருங்கள். 2016 முதல் 2024 வரை ஒவ்வொரு காலண்டர் வருடமும் நிஃப்டி தொடங்கிய இடத்தைவிட மேலே முடிந்திருக்கிறது. தொடர்ந்து ஒன்பது வருடம். ஒவ்வொரு ஜனவரியிலும் "இந்த வருடம் சந்தை ஏறும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த யாருக்கும் ஒன்பதுக்கு ஒன்பது. அதற்குக் கட்டம் போடத் தேவையே இல்லை. ஜோதிடரின் கணக்கு இதைவிட மேலாக வந்தால்தான் அது திறமை.

தொடர்ந்து ஐந்து முறை சரியாகச் சொன்னார் என்று யாராவது மெசேஜ் அனுப்பினால் இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 1,024 பேருடைய போன் எண் ஒருவரிடம் இருக்கிறது. பாதிப் பேருக்கு "அடுத்த வாரம் ஏறும்", மீதிப் பாதிக்கு "இறங்கும்" என்று அனுப்புகிறார். எது நடந்தாலும் 512 பேருக்குச் சரி. அவர்களை மட்டும் மறுபடி பிரித்தால் 256, 128, 64. ஐந்தாவது வாரம் 32 பேர் மிஞ்சுவார்கள். ஐந்து வாரமும் தப்பாமல் சொன்ன மகானாகத்தான் அந்த 32 பேருக்கும் அவர் தெரிவார். ஆறாவது வாரம் கட்டணம் கேட்டால் கொடுக்காமல் யாரால் இருக்க முடியும்? அந்த 32 பேரில் ஒருவராக நீங்கள் இருந்தால், மற்ற 992 பேரைப் பற்றி உங்களுக்குத் தெரிய வழியே இல்லை.

பிரிட்டனில் 2001-இல் உளவியல் பேராசிரியர் ரிச்சர்ட் வைஸ்மன் ஒரு சோதனை நடத்தினார். நிதி ஜோதிடர் ஒருவர், முதலீட்டு நிபுணர் ஒருவர், நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி. ஒவ்வொருவருக்கும் கற்பனையாக 5,000 பவுண்டு. ஜோதிடர் கம்பெனிகள் தொடங்கிய தேதியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். நிபுணர் தன் அனுபவத்தை வைத்துத் தேர்ந்தெடுத்தார். கம்பெனிப் பெயர்கள் எழுதிய சீட்டுகளை மேலிருந்து பறக்கவிட, சிறுமி கைக்குக் கிடைத்ததைப் பிடித்தாள். ஒரு வருடம் கழித்து நிபுணருக்கு 46.2 சதவீதம் நஷ்டம், ஜோதிடருக்கு 6.2 சதவீதம் நஷ்டம், சிறுமிக்கு 5.8 சதவீதம் லாபம். மூன்று பேரை வைத்து ஒரு வருடம் செய்த சோதனை எதையும் நிரூபித்துவிடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். கோட்டு போட்ட நிபுணர் ஜோதிடரைவிட மோசமாகத் தோற்றார் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. நோட்டு எல்லோருக்கும் பொது. டிவியில் டார்கெட் சொல்பவரையும் அதே ஆறு கட்டத்தில்தான் எழுத வேண்டும்.

நிலவைப் பற்றி மட்டும் ஓர் ஆய்வு உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயம் ஆகாது. 48 நாட்டுச் சந்தைகளை எடுத்துக்கொண்டு 2006-இல் வெளியான கட்டுரை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வருமானம் அமாவாசையை ஒட்டிய நாட்களைவிடக் குறைவு என்றது. ஆண்டுக் கணக்கில் 3 முதல் 5 சதவீதம் வித்தியாசம். படித்தால் ஆசை வரும். ஆனால் அதைப் பிடிக்க ஒவ்வொரு பட்சத்துக்கும் வாங்கி விற்க வேண்டும். தரகு, பங்குப் பரிவர்த்தனை வரி, குறுகிய கால லாபத்துக்கு வரி என்று போகப் போகக் கையில் என்ன மிஞ்சும் என்று நோட்டில் கழித்துப் பாருங்கள். அதில் ராசியும் இல்லை, லக்னமும் இல்லை, எந்தப் பங்கு என்றும் இல்லை.

7. பதிவு எண்ணைக் கேளுங்கள்

இந்தப் பங்கை வாங்கு, விற்று விடு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்பவர், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆய்வாளர் என்றால் எண் ஐஎன்எச் என்று தொடங்கும், முதலீட்டு ஆலோசகர் என்றால் ஐஎன்ஏ. செபி இணையதளத்தில் பெயரைப் போட்டுச் சரி பாருங்கள். ஜோதிடம் பார்த்துச் சொல்வதாலேயே யாருக்கும் விலக்குக் கிடையாது. உறுதியான லாபம் என்று சொல்வதற்குப் பதிவு பெற்றவருக்குக்கூட அனுமதி இல்லை. டீமேட் பாஸ்வேர்டு, ஓடிபி கேட்டால் அந்த நொடியே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். நஷ்டம் வந்த பிறகு பரிகாரத்துக்கு என்று மறுபடி பணம் கேட்பதும் நடக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இழந்த தொகையைவிடப் பரிகாரத்துக்குக் கொடுத்தது அதிகம். அதை நினைத்தால் இன்றும் மனது ஆறவில்லை.

"உங்களுக்கு ஏழரை நடக்கிறது, அதனால்தான் ஆப்ஷனில் நஷ்டம்" என்பார்கள். பன்னிரண்டு ராசியில் எப்போதும் மூன்று ராசிக்கு ஏழரைச் சனி. அஷ்டமம், அர்த்தாஷ்டமம், கண்டகம் மூன்றையும் சேர்த்தாலும் ஆறு ராசி, பாதிப் பேர். 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையான மூன்று நிதி ஆண்டுகளில் ஃப்யூச்சர்ஸ் (பின்னொரு தேதிக்கு இப்போதே விலை பேசும் ஒப்பந்தம்), ஆப்ஷன் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். சராசரியாக ஆளுக்குச் சுமார் 2 லட்சம் ரூபாய். பன்னிரண்டு ராசிக்காரர்களும் அதில் இருந்திருக்கிறார்கள். புதியவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொல்வேன், ஜாதகம் எப்படி இருந்தாலும்.

பணம் கொடுத்து ஏமாந்துவிட்டீர்கள் என்றால் கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். பதிவு பெற்றவர் மேல் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் கொடுக்கலாம். ஆன்லைன் மோசடி என்றால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

8. நல்ல நாள் பார்க்கும் பழக்கத்துக்கு ஓர் இடம்

என் அம்மா புது பாஸ்புக் வந்தால் மஞ்சள் குங்குமம் வைத்துத்தான் பீரோவில் வைப்பார். அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. எந்தப் பங்கு, எவ்வளவு பணம் என்பதைக் கம்பெனியின் கணக்கையும் உங்கள் தேவையையும் பார்த்து முடிவு செய்துவிட்டு, வாங்கும் நாளை மட்டும் முகூர்த்தம் பார்த்து வைத்துக்கொண்டால் மனதுக்கு நிம்மதி என்றால் தாராளமாகச் செய்யுங்கள். தீபாவளிக்குச் சந்தையே ஒரு மணி நேரம் முகூர்த்த வர்த்தகம் நடத்துகிறது. மும்பைச் சந்தையில் 1957 முதல் இந்த வழக்கம் உண்டு. 2025-இல் மதியம் 1.45 முதல் 2.45 வரை வைத்தார்கள். ஆசைக்கு ஒரு பங்கு, இரண்டு பங்கு வாங்கலாம். ஆனால் ஒரு பங்கை விற்க வேண்டிய நிலை வந்த பிறகு அஷ்டமி போகட்டும், நவமி போகட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

அட்சய திருதியைக்கு நகை வாங்குவதும் இதே கணக்குதான். அன்று வாங்கினாலும் 3 சதவீத ஜிஎஸ்டி உண்டு, செய்கூலி உண்டு, சேதாரம் உண்டு. கடைக் கூட்டத்தில் இதையெல்லாம் கேட்க மறந்துவிடுவோம். முதல் நாளே போய் செய்கூலி, சேதாரம் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொண்டு, அன்றைக்குப் பணம் கட்டுங்கள்.

மியூச்சுவல் ஃபண்டில் எஸ்ஐபி, அதாவது மாதாமாதம் ஒரு தொகை, போடுபவர்களுக்கு நல்ல பயிற்சி ஒன்று இருக்கிறது. மாதம் 5-ஆம் தேதி பணம் போகிறது என்று வையுங்கள். அது ஒரு மாதம் அஷ்டமியில் விழும், ஒரு மாதம் அமாவாசையில் விழும், ஒரு மாதம் நல்ல முகூர்த்தத்தில் விழும். ஐந்து வருட ஸ்டேட்மென்ட் எடுத்தால் 60 தவணை. முப்பது திதியில் அஷ்டமி, நவமி நான்கு வருகின்றன, ஆகவே சுமார் 8 தவணை அவற்றில் விழுந்திருக்கும். பழைய காலண்டரை வைத்து அவற்றைச் சிவப்பு மையால் குறியுங்கள். அந்த 8 தவணையும் அதற்குப் பிறகு எப்படி வளர்ந்தன என்று மற்ற 52-ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். உங்கள் சொந்தப் பணத்தில் நீங்களே பார்ப்பதால் யார் சொல்வதையும் நம்ப வேண்டியதில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

தம்பி முப்பதாயிரத்தில் இருபத்தைந்தாயிரத்தை, குறியீட்டில் உள்ள பங்குகளையே வாங்கி வைக்கும் ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டான். மீதி ஐயாயிரத்தை, கற்றுக்கொள்வதற்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறான். நோட்டில் பதினான்கு பக்கம் நிரம்பிவிட்டது. முந்தாநாள் கூப்பிட்டான். "அண்ணா, அந்த வங்கிப் பங்கு வீடியோவோட தேதி நேத்தோட முடிஞ்சது. சரி பார்க்கலாம்னு போனா, வீடியோவையே காணோம். எடுத்துட்டாங்க." ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறதா என்று கேட்டேன். முதல் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறானாம், பக்கத்தில் தேதியும் அன்றைய விலையும் எழுதி.